மெத்தையில் ஊறிய வாடை போக: தண்ணீரைக் குறையுங்கள், காயவிடுவதைக் கூட்டுங்கள்

வாசகர் கேள்வி: எங்கள் ஃபோம் மெத்தை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஐந்து வயது மகன் அவ்வப்போது இரவில் நனைத்துவிடுகிறான். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் வாடை போய்விட்டது போலத்தான் இருந்தது. ஆனால் காற்றில் ஈரம் கூடுகிற நாட்களில் திரும்ப வந்துவிடுகிறது. மஞ்சள் கறையும் போகவில்லை. கணவருக்குக் காலையில் எழுந்ததும் தும்மல். வெயிலில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் வெயிலில் போடுவதை நிறுத்தி வையுங்கள். பஞ்சு மெத்தைக்கும் இலவம்பஞ்சு மெத்தைக்கும் வெயிலைப் போல நல்ல மருந்து இல்லை. ஆனால் ஃபோமும் லேடெக்ஸும் அப்படியல்ல. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அவை மஞ்சளாகி, நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். உங்கள் மெத்தைக்குத் தேவை நிழலும் நல்ல காற்றோட்டமும்தான்.

அடுத்தது, சோப்புத் தண்ணீர். ஃபோம் நீரை ஆழமாக உள்ளே இழுத்துக்கொள்ளும், எளிதில் வெளியே விடாது. மேல்துணி காய்ந்து கைக்கு வறண்டிருக்கும்போதும் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. அதனால் மெத்தையை எப்போதும் ‘கழுவ’ வேண்டாம். கறை இருக்கும் இடத்தை மட்டும், முடிந்தவரை குறைந்த ஈரத்தில் கவனிக்க வேண்டும்.

சரி, வாடை ஏன் திரும்ப வருகிறது? சிறுநீர் காயும்போது அதிலுள்ள யூரிக் அமிலம் படிகங்களாக நாரிலும் ஃபோமிலும் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் படிகம் தண்ணீரில் சரியாகக் கரையாது, சோப்புக்கும் அசையாது. காற்றில் ஈரம் ஏறினால் அந்த இடம் மறுபடியும் வாடை வீசத் தொடங்கும். இதை உடைப்பதற்கென்றே என்சைம் கலந்த கிளீனர்கள் இருக்கின்றன. செல்லப்பிராணிகளின் சிறுநீர்க் கறைக்கென்று விற்பதும் இதுவே. பழைய கறைக்கு வேறு எதையும் முயல்வதற்கு முன் இதை வாங்குங்கள்.

பயன்படுத்துவதில் ஒரே ஒரு நுணுக்கம்: சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் இறங்க வேண்டும். மேலே லேசாகத் தெளித்து உடனே துடைத்துவிட்டால் பலன் இருக்காது. கறை உள்ள இடத்தில் நன்றாக நனையும்படி தெளித்து, பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் வரை விடுங்கள். என்சைம் ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். அதே இடத்தில் அன்றைக்கே வினிகர், சோப்பு எதுவும் போடாதீர்கள். அவை என்சைமின் வேலையைக் கெடுக்கலாம். நேரம் முடிந்ததும் உலர்ந்த தடித்த துண்டை வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கறை பரவும், ஆழமும் போகும்.

அப்புறம் மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, மின்விசிறியை நேராக அதன்மேல் திருப்பி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். முழு வேலையிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த ஒரு நாளைத்தான். பெரும்பாலான வீடுகளில் அவசரப்படுவதும் இங்கேதான். அன்றிரவு படுக்க வேறு இடம் பார்த்து வைத்துவிட்டே வேலையை ஆரம்பியுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகும் லேசான வாடை இருந்தால் சமையல் சோடாவை மெத்தை முழுக்கத் தூவி, ஏழெட்டு மணி நேரம் விட்டு, வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை வரவழைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் ஒருவகை உப்பும்தான். வினிகர் தனியாகப் பயன்படும் இடம் வேறு: புதிதாக நனைந்த இடத்தில், துண்டால் ஒற்றி எடுத்தபின், சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை லேசாகத் தெளித்து மீண்டும் ஒற்றி எடுக்கலாம்.

மஞ்சள் நிறம் தனிப் பிரச்சினை. வாடை போனாலும் நிறம் நிற்கலாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நிறத்தை வெளுக்கும். மெத்தையின் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, கையுறை போட்டு, துணியில் நனைத்து ஒற்றுங்கள். இதை வினிகரோடு சேர்க்காதீர்கள், கண்ணையும் தோலையும் அரிக்கும் அமிலம் உண்டாகும். குளோரின் பிளீச்சைச் சிறுநீர் பட்ட இடத்தில் எந்தக் காரணத்துக்கும் ஊற்ற வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் வாயு மூச்சுக்குக் கெடுதல். உண்மையைச் சொன்னால், உறைக்கு அடியில் இருக்கப்போகிற நிறத்துக்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. இரத்தக் கறைக்கு மட்டும் ஒரு வார்த்தை: குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

கணவரின் தும்மலுக்கு மெத்தையிலுள்ள தூசிப்பூச்சி காரணமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இவை நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கின்றன. ஒவ்வாமை தருவதில் இவற்றின் கழிவுக்குப் பெரிய பங்கு உண்டு. வேக்யூம் கிளீனர் கழிவையும் தூசியையும் எடுக்கும். ஆனால் உயிருள்ள பூச்சிகள் நாரைப் பற்றிக்கொண்டு தங்கிவிடும். ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. மெத்தையை ஆறு பக்கமும் மூடும் ஜிப் வைத்த உறைக்குள் போட்டுவிடுவதே உறுதியான வழி. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, துணி தாங்குமானால் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவையுங்கள். இந்தப் பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கின்றன. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை பெருகுவது சிரமம். எனவே எழுந்த உடனே படுக்கையை மூடி மடித்து வைக்காமல், போர்வையை விலக்கிச் சிறிது நேரம் காற்றாடவிடுங்கள். இதையெல்லாம் செய்தும் தும்மல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி பராமரிப்பு. மகன் படுக்கும் பக்கம் நீர் புகாத உறை கட்டாயம்; இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போட்டால் ஒரே இடம் பள்ளமாகாது. இரு பக்கமும் படுக்கலாம் என்று போட்டிருந்தால் மட்டுமே புரட்டலாம். தரையில் நேராகப் போடாமல், இடைவெளி விட்டு மரச் சட்டங்கள் அடித்த கட்டிலில் போட்டால் அடியிலும் காற்று போகும்.

திருப்பும்போது அடிப்பக்கத்தையும் தையல் ஓரங்களையும் பாருங்கள். கரும்பச்சைத் திட்டுகள் ஃபோமுக்குள்ளேயே இறங்கியிருந்தால் அது பூஞ்சை. அந்த மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். தையலோரம் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். சுத்தம் செய்து தீர்க்கிற விஷயமல்ல அது. மெத்தையை வேறு அறைக்கு மாற்றாமல், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள்.