பௌதிஸ்தாவுக்காகக் காத்திருந்தது யார்?

வணக்கம் அண்ணா,

ரொறன்ரோவின் பேஸ்பால் அணியான புளூ ஜேய்ஸ் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். எங்கள் நண்பர்களுக்குள் ஒரு தர்க்கம் தீராமல் கிடக்கிறது. பஃபலோவில் உள்ள துணை அணிக்கும் ரொறன்ரோ முதன்மை அணிக்கும் இடையே ஏறி இறங்கும் 28, 29 வயது மட்டையாளர்களுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? அந்த வயதுவரை வராத ஆட்டம் இனி எங்கே வரப்போகிறது? 26 பேர் பட்டியலில் ஓர் இடம் என்பது ஒரு 21 வயதுப் பையனின் எதிர்காலம் இல்லையா? இதைச் சொன்னால் ஒரு நண்பர் உடனே, "பௌதிஸ்தாவை மறந்திட்டியா?" என்று மடக்குகிறார். ஒரு பௌதிஸ்தா வருவார் என்று எத்தனை பேரை வைத்துக்கொண்டிருப்பது? இன்னொருவரோ, இப்படிப்பட்டவர்களைக் கைவிட்ட அணி நிர்வாகம் எல்லாமே முட்டாள்கள் என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

எஸ்., ஸ்காபரோ

அன்புள்ள எஸ்.,

ஹோசே பௌதிஸ்தாவின் கதையை இந்த ஊரில் பலரும் பாதியிலிருந்துதான் சொல்கிறார்கள். 2010இல் 54 ஹோம் ரன்கள். 2015 அக்டோபர் 14 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸில் அடித்துவிட்டு மட்டையை வீசியெறிந்த காட்சி. கேட்பவருக்கு, பொறுமையாகக் காத்திருந்து பலன் கண்ட கதைபோலத் தோன்றும். உண்மையில் அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரை 2000இல், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 20ஆவது சுற்றில் எடுத்தது. 2003 டிசம்பரில், பிற அணி தன் பட்டியலில் காக்காத வீரரை எடுத்துக்கொள்ள விடும் 'ரூல் 5' டிராஃப்ட் வழியாக பால்டிமோர் ஓரியோல்ஸ் கொண்டுபோனது. அப்படி எடுத்த வீரரை அடுத்த பருவம் முழுக்க முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். மைனர் லீக் எனும் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பிப் பழக்க முடியாது. பால்டிமோர் கைவிட்டது. டாம்பா பே எடுத்தது, கன்சாஸ் சிட்டிக்குப் போனார், அங்கிருந்து நியூயார்க் மெட்ஸ், அதே நாளில் திரும்பவும் பிட்ஸ்பர்க். எல்லாம் 2004ஆம் ஆண்டு ஒரே கோடைக்குள். 23 வயது இளைஞன், தினமும் ஆடியிருக்க வேண்டிய வயதில், ஊர் ஊராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்த ஆண்டு அவர் மட்டையடிச் சராசரி .205, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. இளையவனுக்கு முதன்மை அணியில் இடம் கொடுப்பதே அவனுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கோடையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பிட்ஸ்பர்க் அவரை நியாயமாகவே நடத்தியது. தொடர்ந்து ஆட விட்டது. 2006இல் 16 ஹோம் ரன், 2007இல் 15. மோசமில்லை, பெரிதாக எதுவும் இல்லை. 2008இல் அண்டி லரோஷ் வந்து மூன்றாம் பேஸை எடுத்துக்கொண்டதும், பௌதிஸ்தாவை ரொறன்ரோவுக்குக் கொடுத்து ராபின்சன் டியாஸ் என்ற கேட்சரை வாங்கினார்கள். இதற்காக பிட்ஸ்பர்க்கைத் திட்ட எனக்கு மனம் வராது. ஒருவரை நூற்றுக்கணக்கான அட்-பேட்களில் (மட்டையடிக்க இறங்கிய முறைகளில்) பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. அவர்கள் பார்த்த ஸ்விங்கில், அதாவது மட்டை வீச்சில், 54 ஹோம் ரன்கள் இல்லை.

மாற்றம் இங்கே நடந்தது, 2009இல். சீட்டோ காஸ்டன் மேலாளர், டுவேன் மர்ஃபி பயிற்சிக்குழுவில். இருவரும் கண்டது ஒரே குறை: பௌதிஸ்தா தாமதமாகத் தொடங்குகிறார். பந்து உடம்பருகே வந்த பிறகு கைகள் அவசரப்படுகின்றன. பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் முன்பே தயாராகு, முன்காலைத் தூக்கி நேரத்தை வாங்கிக்கொள், பந்தை முன்னாலேயே சந்தித்து இடப்பக்கம் இழு என்றார்கள். சொல்வது சுலபம். ஆயிரக்கணக்கான முறை ஒரே விதமாகச் செய்த உடம்பு, போட்டியின் நடுவே, மணிக்கு 95 மைல் வேகப் பந்தை எதிரே வைத்துக்கொண்டு அதை மறக்க வேண்டும். அதற்கு ஒரே வழி தினமும் ஆடுவது.

அந்த வாய்ப்பு எப்படி வந்தது? ஜூலை கடைசி நாளில் ஸ்காட் ரோலன் சின்சினாட்டிக்கு அனுப்பப்பட்டார். ஆகஸ்டில் அலெக்ஸ் ரியோஸை சிகாகோ வைட் சாக்ஸ் வேவர்ஸில், அதாவது ஓர் அணி விட முன்வந்த வீரரைப் பிற அணிகள் கேட்டு எடுக்கும் முறையில், கேட்டது. ஜேய்ஸ் எந்தப் பதிலும் வாங்காமல் விட்டுக்கொடுத்தது. வலது வெளிக்களம் காலியானது. பருவம் ஏற்கெனவே தோற்ற பருவம். பௌதிஸ்தா தினமும் ஆடினார். அந்த ஆண்டின் 13 ஹோம் ரன்களில் 10, செப்டம்பர் பிறந்த பிறகு வந்தவை. 2010 முதல் 2015 வரை ஆறு பருவங்களில் 227. அந்த ஆறு ஆண்டுகளில் வேறு எவரும் அவ்வளவு அடிக்கவில்லை.

ஆகவே உங்கள் நண்பருக்கு நான் சொல்வது: பௌதிஸ்தா பொறுமைக்கு உதாரணம் இல்லை. மாறிக்கொண்டிருந்த ஒருவருக்கு, மாறிய அந்த வாரங்களில், இடம் காலியாக இருந்தது. 28 வயதா 21 வயதா என்று நீங்கள் இருவரும் சண்டையிடும்போது கேட்கப்படாமல் போகும் கேள்வி இதுதான். இவரிடம் போன வருடம் இல்லாதது ஏதாவது இப்போது இருக்கிறதா?

அணி நிர்வாகத்தைக் குறை சொல்லவும் இதுவே எனக்கு அளவுகோல். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் விஷயத்தில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஜே.டி. மார்ட்டினெஸும் 20ஆவது சுற்றில் வந்தவர். ஹூஸ்டனில் மூன்று ஆண்டுகளில் 24 ஹோம் ரன், அவ்வளவுதான். 2013இல் மணிக்கட்டுக் காயத்தால் ஓய்விலிருந்தபோது நல்ல மட்டையாளர்களின் வீடியோக்களைப் பார்த்துத் தன் ஸ்விங் எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடித்தார். கலிபோர்னியாவில் தனிப் பயிற்சியாளர்களிடம் போய் அடியோடு மாற்றினார். குளிர்காலத்தில் வெனிசுவேலா லீக்கில் ஆடிப் பரீட்சித்தார். 2014 வசந்தகாலப் பயிற்சிக்கு, மாறிவிட்டேன், பாருங்கள் என்று வந்தார். அவருக்குக் கிடைத்தது 18 அட்-பேட்கள். மார்ச் 22 அன்று விடுவித்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு 111 போட்டிகள் தோற்ற அணி அது! இழக்க என்ன இருந்தது அவர்களிடம்? டெட்ராய்ட் டைகர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. அதன் துணை அணியான டொலீடோவில் 17 போட்டிகளில் 10 ஹோம் ரன். அந்த ஆண்டு டெட்ராய்ட்டில் சராசரி.315. பின்னால் 2018இல் பாஸ்டனோடு உலகத் தொடரையும் வென்றார். பிட்ஸ்பர்க் பார்த்துவிட்டு விட்டது. ஹூஸ்டன் பார்க்காமலே விட்டது. இரண்டையும் ஒரே முட்டாள்தனம் என்று சொல்லும் உங்கள் மற்ற நண்பரோடு அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை.

எட்வின் என்கார்நாசியோனையும் சொல்ல வேண்டும். ரோலனுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர். மூன்றாம் பேஸில் அவர் எறிதல் தவறிக்கொண்டே இருந்ததால் 'இ-5' (மூன்றாம் பேஸ்காரரின் பிழைக்கான குறி) என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். 2010 நவம்பரில் ஓக்லண்ட் அவரை வேவர்ஸில் எடுத்து, அடுத்த மாதமே ஒப்பந்தம் தராமல் விட்டது. ஜேய்ஸ் திரும்பக் கூப்பிட்டது. மூன்றாம் பேஸிலிருந்து விலக்கி, மட்டையடிப்பதே முக்கிய வேலை என்றாக்கினார்கள். 2012இல் 42 ஹோம் ரன். அந்த 2015 போட்டியில் ஆறாவது இன்னிங்ஸில் ஆட்டத்தைச் சமன் செய்த ஹோம் ரன் அவருடையது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இனி உங்கள் 21 வயதுப் பையன். அணி தன் உரிமையில் காக்கும் 40 பேர் பட்டியலுக்குள் வந்த வீரருக்குப் பொதுவாக மூன்று 'ஆப்ஷன்' ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்ப அழைக்கலாம். இளையவர் பஃபலோவில் இரண்டு மாதம் தினமும் ஆடினால் அவருக்கும் அணிக்கும் நஷ்டமில்லை. மூத்தவருக்கோ பெரும்பாலும் ஆப்ஷன் தீர்ந்திருக்கும் அல்லது தீரப்போகும். தீர்ந்தபின் கீழே அனுப்ப வேண்டுமானால் வேவர்ஸ் வழியாகத்தான். வேறு எந்த அணியும் தூக்கிக்கொண்டு போகலாம். ஒருவரை நாளைக்கும் பார்க்கலாம், மற்றவரை இன்றே பார்த்தாக வேண்டும். அந்த வகையில் நான் மூத்தவர் பக்கம்.

எல்லா மூத்தவர் பக்கமும் இல்லை. மாறாமலே 28ஐத் தொட்டவர்கள்தான் அதிகம். அவர்களைப் பற்றி உங்கள் சந்தேகம் சரி. பூத்தவரும் நெடுநாள் பூத்திருப்பதில்லை. 2017இல் பௌதிஸ்தாவின் சராசரி .203. அவரை நேசித்த நமக்கு அந்தப் பருவம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அணியிடம் நான் எதிர்பார்ப்பது மிகச் சிறியது. ஏற்றி இறக்குகிற ஒருவரின் ஸ்விங்கிலோ, அவர் விடுகிற பந்துகளிலோ மாற்றம் தெரிந்தால், நாலு நாளுக்கு ஒருமுறை பதிலாளாக இறக்காமல் ஆறு, ஏழு வாரம் தினமும் ஆட விடுங்கள். எர்னி கிளெமென்ட்டைக் கிளீவ்லண்டும் ஓக்லண்டும் விட்டபின் ஜேய்ஸ் 2023இல் மைனர் லீக் ஒப்பந்தத்தில்தான் எடுத்தது. 2025 பிளேஆஃப்பில், அதாவது பருவ இறுதிச் சுற்றுகளில், அவர் அடித்த 30 ஹிட்கள் ஒரே பிளேஆஃப் பருவத்துக்கான சாதனை. ஹோம் ரன் மன்னர் ஆகாவிட்டாலும் அணிக்கு இவ்வளவு கிடைக்கும். அந்த வாரங்களிலும் எதுவும் வரவில்லையென்றால் விட்டுவிடட்டும். அப்போது நிர்வாகத்தைத் திட்ட உங்கள் நண்பரோடு நான் சேரமாட்டேன்.