விமோசனம் என்றால் விடுதலை

கே: "எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ் என்று அரசாங்கம் மக்களைக் கட்டிப்போடக் கூடாது" என்று சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர் ராஜாஜி. மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரேதான். குடிப்பதும் குடிக்காததும் அவரவர் சுதந்திரம் இல்லையா?
— கல்லூரி மாணவி, நாமக்கல்

ப: நாமக்கல்லிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் மாதிரி) இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதலில் கள், சாராயக் கடைகளை மூடிய சேலம் ஜில்லாவில் உங்கள் ஊரும் சேர்த்தி. எங்கள் தாத்தா சேலத்தில் தறி ஓட்டியவர். வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பாதி காணாமல் போயிருக்கும். "ஆச்சாரியார் கடைய மூடுன பொறவுதான் உங்க தாத்தன் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு ஊட்டுக்கு வந்தாரு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டிக்கு ராஜாஜி என்ற பெயரே தெரியாது. ஆச்சாரியார்தான்.

அதனால் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். சேலத்தில் நல்ல வருமானம் பார்த்த வக்கீல், அங்கே போய் நூற்பும் நெசவும் நடத்தினார். கூலிக்காரன் காசு எந்தப் பக்கம் போகிறது என்பதை அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். மதுவிலக்குக்காகவே அங்கிருந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். கல்கிதான் உதவியாசிரியர். அதன் பெயர் 'விமோசனம்', அதாவது விடுதலை. உங்கள் கேள்விக்கு அவருடைய பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. குடிப்பவன் சுதந்திரமாக இருக்கிறான் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. நெல்லை எங்கே விற்பது, நிலத்தில் என்ன போடுவது, எந்தத் தொழில் தொடங்குவது என்று முடிவுசெய்ய ஒருவனுக்குப் புத்தி இருக்கிறது, அதில் அதிகாரி மூக்கை நுழைக்கக் கூடாது. அந்தப் புத்தியையே பிடுங்குகிற பொருளைச் சர்க்காரே ஏலம் விட்டுக் காசு பார்க்கவும் கூடாது. அவருக்கு இரண்டும் ஒரே நியாயம்.

எனக்கு இது முழுக்கச் சம்மதமா? இல்லை. யாருடைய புத்தி பறிபோய்விட்டது என்று தீர்மானிக்கிற வேலையை அரசாங்கத்திடம் கொடுத்தால் அது கள்ளுக்கடையோடு நிற்காது. ஆனால் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தால் இந்த வாதம் பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு கொசுறு: கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப அவர் 1939-இல் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. கடைக்காரர்கள் கொதித்தார்கள். மளிகை பில்லில் ஜிஎஸ்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பரம்பரையை நினைத்துக்கொள்வேன்.

கே: ராமாயணமும் மகாபாரதமும் எழுதிய பக்தர் அவர். மதத்தை அரசியலுக்குள் கொண்டுவந்தவர் என்று சொல்லலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

ப: பக்தியைக் கொண்டுவந்தார். ஆனால் அதை யாருக்குக் கடிவாளமாகப் போட்டார் என்று பார்க்க வேண்டும். ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போன ராஜாஜி, அங்கே நாட்குறிப்பு எழுதினார். 1922 ஜனவரியில் எழுதிய ஒரு பக்கம் பிரசித்தம். சுயராஜ்யம் வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது. தேர்தலும் அதன் ஊழலும், அநீதியும், பணக்காரர்களின் கொடுமையும், நிர்வாகத்தின் கையாலாகாத்தனமும் வாழ்க்கையை நரகமாக்கும். சிறுவயதிலிருந்தே எல்லாருக்கும் நல்லொழுக்கமும் தெய்வபயமும் அன்பும் வளர்கிற கல்வி கொடுத்தால் மட்டுமே நம்பிக்கை உண்டு என்பது அதன் சாரம். நாடே "சுயராஜ்யம் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்றிருந்த நேரம். அதற்காகவே சிறைக்குப் போனவர், உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறார். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

தெய்வபயம் என்று அவர் சொன்னது கும்பல் சேர்க்கிற சமாசாரம் இல்லை. யாரும் பார்க்காதபோது கையை நீட்டாமல் இருக்கச் செய்கிற பயம். 1939 ஜூலையில் காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, கோயிலைத் திறந்துவிட்டவர்கள் மேல் வழக்கு வராதபடி சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது இந்தப் பக்தருடைய அரசாங்கம்தான். பிற்காலத்தில் அவர் தொடங்கிய சுதந்திரா கட்சிக்குத் தலைவர் ரங்கா. பொதுச் செயலாளர் பார்சிக்காரரான மினு மசானி. 1962-இல், 83 வயதில், வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி வாதாடினார். அதற்கும் வேர் அந்தப் பக்தியில்தான்.

கே: இவ்வளவு தர்மம் பேசியவர் 1938-இல் இந்தியை எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளினாரே. அதற்கு என்ன சமாதானம்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

ப: சமாதானம் இல்லை, ஐயா. 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மறியல் செய்தவர்கள் மேல் குற்றவியல் திருத்தச் சட்டம் பாய்ந்தது. வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்கள் மேல் ஏவிய அதே சட்டம்! நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தார்கள்.

அதோடு முடியவில்லை. 1951-இல் டெல்லியில் உள்துறை அமைச்சராக இருந்தபோது, விசாரணையில்லாமல் காவலில் வைக்கும் சட்டத்தை நீட்டித்தார். பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தையும் அவரே முன்மொழிந்து நிறைவேற்றினார். 1953-இல், மறுபடி சென்னையில் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த வருஷம் பதவியை விட்டுப் போனார்.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஆள்பவனை அவனுடைய மனசாட்சி கட்டுப்படுத்தும் என்று அவர் நம்பினார். தன் மனசாட்சி சுத்தம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆகவே நாற்காலியில் இருந்தவரை யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நாற்காலி போய், அதே அதிகாரம் வேறு கைகளில் கனப்பதை வெளியே நின்று பார்த்த பிறகுதான் கோர்ட்டு வேண்டும், அடிப்படை உரிமை வேண்டும், வலுவான எதிர்க்கட்சி வேண்டும் என்று ஓயாமல் எழுத ஆரம்பித்தார். 1938-இல் இந்தியைத் திணித்தவர் பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றதும் இந்தக் கணக்கில்தான் வரும். 80 வயதில் ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. அதற்காக நடராசன் வீட்டார் அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கே: சுதந்திரா கட்சி ஏன் காணாமல் போனது?
— வாசகர், கோவை

ப: 1962 மக்களவையில் 18 இடம், 1967-இல் 44, 1971-இல் 8. ஏறியதும் இறங்கியதும் அவ்வளவுதான். ராஜாக்களும் மில் முதலாளிகளும் வந்து ஒட்டிக்கொண்டதும், கடைக்கோடி விவசாயிக்குக் கட்சி எட்டாமலே போனதும் முக்கியக் காரணங்கள். அந்தக் கட்சியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அடிப்படைக் கொள்கைகள் தவிர்த்த விஷயங்களில் உறுப்பினர் அவரவர் இஷ்டப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்தக் கட்சி ஆபீசிலாவது இதைச் சொல்லிப் பாருங்கள், டீ கூடக் கொடுக்க மாட்டார்கள்.

கே: ராஜாஜியை நேரில் பார்த்திருக்கிறீர்களா?
— பள்ளி மாணவர், ஓசூர்

ப: ஒரே ஒருமுறை, தம்பி. அவர் பிறந்த தொரப்பள்ளி உங்கள் ஊருக்குப் பக்கம்தான், தெரியுமில்லையா? 1967 தேர்தல் சமயம், எனக்குப் பன்னிரண்டு வயது. தன் கட்சியோடு கூட்டணி வைத்திருந்த தி.மு.க.வுக்கு ஓட்டுக் கேட்டு ஒரு கூட்டத்தில் பேசினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத் துண்டு, சன்னமான குரல். மைக் கரகரத்ததில் பாதி புரியவில்லை. பாட்டிக்கு நடக்க முடியாததால் என்னை அனுப்பியிருந்தாள். "அவங்க வந்தா கடைய மறுபடி தொறந்துர மாட்டாங்களேன்னு ஆச்சாரியார்கிட்டக் கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பினாள்.

அவ்வளவு கூட்டத்தில் எங்கே கேட்பது? திரும்பி வந்து, "கேட்டேன், மாட்டாங்களாம்" என்று பொய் சொன்னேன். நான்கே வருஷத்தில், 1971-இல், கடை திறந்தது. திறக்க வேண்டாம் என்று ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் பார்த்துக் கேட்டுக்கொண்டதைப் பேப்பரில் படித்தேன். படித்துச் சொல்ல அப்போது பாட்டி இல்லை.