கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும்?

விவசாயக் குடும்பத்தில் வளர்ந்து கோழிப்பண்ணைத் தொழில் செய்பவரோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், வீட்டின் நாள் கணக்கைக் கோழிதான் முடிவு செய்யும்.

கறிக்கோழி என்றால் ஒரு பேட்ச், அதாவது ஒன்றாக விட்டு வளர்த்து ஒன்றாக விற்கும் கூட்டம், ஏறக்குறைய 35 முதல் 42 நாள். முதல் வாரம்தான் கடினம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதனால் ராத்திரியில் அவர் எழுந்து எழுந்து போவார். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைத்தான் பார்ப்பார்: சூட்டுக்காகப் போட்ட விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அண்டிக் கிடந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. ஆடு மாடோடு வளர்ந்தவருக்கு இந்தப் பார்வை சீக்கிரம் வந்துவிடும். அவருடைய பெரிய சொத்து அதுதான் என்பேன்.

செலவில் பாதிக்கு மேல் தீவனம். தீவன விலை ஏறி, கறி விலை இறங்கும் மாதங்களில் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். கணக்கு நோட்டை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். ஒருவர் மட்டும் மனசுக்குள் வைத்துத் தவிக்க வேண்டாம்.

எல்லா விசேஷத்துக்கும் சேர்ந்து போக முடியாது. ஆனால் கோழியைப் பிடித்து அனுப்பியதும் கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, சுமார் இரண்டு வாரம் காலியாக விடுவார்கள். பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பண்ணைச் செருப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. வேறு பண்ணைக்குப் போய்வந்த விருந்தாளியைக் கொட்டகைக்குள் விடாதீர்கள், நோய் அப்படியும் பரவும். கோழியைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பார்க்க நன்றாக இருக்கும் கோழியிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.