பயிர் நிவாரணம் வந்திருக்கிறது: அடகை மீட்பதா, சங்கக் கடனைக் கட்டுவதா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் சொந்தமாக மூன்று ஏக்கரிலும் வாய்மொழிக் குத்தகையாக இரண்டு ஏக்கரிலும் சம்பா நட்டிருந்தேன். ஃபெஞ்சல் புயல் மழையில் அத்தனையும் மூழ்கிவிட்டது. நிவாரணமாக ரூ.20,600 மட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது. அடகுக் கடையில் நகைமேல் ரூ.40,000 (நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி), கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் ரூ.90,000 இருக்கின்றன. இந்தப் பணத்தை எதற்குக் கட்டுவது? நிவாரணம் வாங்கியதால் பயிர்க் காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போகுமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்தபடி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதால் ஏக்கருக்கு ரூ.6,880 வரும். உங்களுக்கு வந்திருப்பது ஏறத்தாழ மூன்று ஏக்கருக்கான தொகை. அதாவது குத்தகை நிலம் உங்கள் பெயரில் கணக்கெடுக்கப்படவே இல்லை. அந்த நிலத்தின் அடங்கலில், அதாவது யார் என்ன பயிரிட்டார் என்பதைக் குறிக்கும் கிராமப் பதிவேட்டில், சாகுபடியாளராக யார் பெயர் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அறியுங்கள். நில உரிமையாளருக்குப் பணம் போயிருந்தால், விதையும் உரமும் நீங்கள் போட்டவை என்பதைச் சொல்லி அவரிடம் நேரில் பேசுவதே விரைவான வழி. யாருக்குமே போகவில்லை என்றால், உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்துடன் வட்டாட்சியருக்கு மனு கொடுத்து, மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். அடுத்த பட்டத்துக்காவது குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடன். உங்களை அரிப்பது அடகுக் கடை வட்டிதான், மாதம் ரூ.800, ஆண்டுக்கு ரூ.9,600. ஆனாலும் நிவாரணத்தை அப்படியே அங்கே கட்டிவிடச் சொல்ல மாட்டேன். அப்படிக் கட்டினால் தண்ணீர் வடிந்த வயலில் உளுந்து விதைப்பதற்கும் உழவுக் கூலிக்கும் மீண்டும் அதே கடைக்குத்தான் போய் நிற்பீர்கள். அதைவிட, இந்த ரூ.20,600-உடன் உறவினர் ஒருவரிடம் ஓரிரு நாள் கைமாற்றாக மீதியை வாங்கி, நகையை மீட்டு, கூட்டுறவு வங்கியிலோ தேசியமய வங்கியிலோ மறு அடகு வையுங்கள். அங்கே வட்டி இப்போது கொடுப்பதில் பாதியை ஒட்டியே இருக்கும். நகை மதிப்பு இடம் கொடுத்தால் கைமாற்றும் திரும்பிவிடும், நிவாரணப் பணமும் சாகுபடிச் செலவுக்கு உங்கள் கையிலேயே நிற்கும். இடுபொருள் செலவுக்காகக் கொடுக்கப்படும் பணம் அது.

சங்கக் கடனை இப்போது அவசரப்பட்டுக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் கெடுவைத் தவறவிடவே கூடாது. உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு மட்டுமே பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. கெடு தாண்டினால் வட்டி ஏறுவதோடு அடுத்த கடனும் தடைபடும். விளைச்சல் போனதால் கட்ட முடியாது என்று இப்போதே தெரிந்தால், பயிர்ச் சேத விவரத்தை இணைத்து, தவணையை மாற்றியமைக்க வழியுண்டா என்று சங்கச் செயலாளரிடம் கெடுவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்கு எந்தச் சங்கத்திலும் பதிவேடு கிடையாது.



காப்பீடு தனிக் கணக்கு. நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கிய உரிமை அது. நிவாரணம் வாங்கியதால் பறிபோகாது. ஆனால் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு உங்கள் வயலைத் தனியாகப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தே கணக்கிடுகிறார்கள். பக்கத்து மேட்டு வயல்கள் தப்பியிருந்தால் தொகை குறையலாம். வந்து சேரவும் மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி யாருக்கும் தவணை சொல்லாதீர்கள்.