பொழுதுபோகுமுன்னே

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம்.

நான் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்து கொடுக்கிறோம். மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. போன டிசம்பரிலும் 1189 அதிகாரங்களையும் முடித்துவிட்டேன். ஆனால் போன வாரம் என் மனைவி, "காலையில அஞ்சு மணிக்கு ஜெபம் பண்ற ஆளு வேற, பத்து மணிக்குப் பட்டறையில நின்னு கத்துற ஆளு வேற" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து மனது சரியில்லை.

வேலை அப்படிப்பட்டது அண்ணன். இரும்பு விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, பார்ட்டிகளிடம் பாக்கி நிற்கிறது. பார்ட்டி பணம் வராத வாரம் பையன்களுக்குச் சனிக்கிழமை செட்டில்மென்ட் தள்ளிப்போகும், அந்த டென்ஷன் வேறு. பக்கத்து வீட்டில் இருக்கிற என் கூடப்பிறந்த அண்ணனோடு மதில் சுவர் விஷயமாக நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனைக்கும் நடுவில் தேவனுக்குக் கொடுப்பதை நான் குறைக்கவில்லை. போன மாதம்கூட எங்கள் ஆலயத்துக்கு முன்பக்கக் கேட் ஒன்றை இலவசமாகச் செய்து கொடுத்தேன்.

வாசிக்கிற வசனத்தை வாழ்க்கையில் எப்படிக் கொண்டுவருவது? வேறு வாசிப்பு முறை ஏதாவது உண்டா? நல்ல தியானப் புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் நடுவில் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "பார்ட்டி பணம் வராத வாரம் பையன்களுக்குச் சனிக்கிழமை செட்டில்மென்ட் தள்ளிப்போகும்." உங்கள் டென்ஷனுக்கு ஓர் உதாரணமாக, போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றி வேதத்தில் நேராகவே எழுதியிருக்கிறது. நீங்கள் அதை வருடத்துக்கு ஒரு முறை வாசித்துக் கடந்து போயிருக்கிறீர்கள்.

உபாகமம் 24:15. "அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும்; அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்." நம் தமிழில் "ஆவல்" என்று வருகிற இடத்தில் எபிரெய மூலம் இன்னும் அழுத்தமானது. அவன் தன் உயிரையே அந்தக் கூலியை நோக்கி உயர்த்தி வைத்திருக்கிறான் என்பது போன்ற சொல்லாட்சி. ராத்திரி அடுப்பு எரியுமா என்பது அந்தக் காசில்தான் இருக்கிறது என்று மோசேக்குத் தெரிந்திருக்கிறது.

வேதத்தை வாழ்க்கையில் கொண்டுவருவது என்றதும் நாம் மனநிலையைப் பற்றித்தான் யோசிக்கிறோம். இன்னும் பொறுமை வேண்டும், இன்னும் அன்பு வேண்டும், இன்னும் ஆவியில் அனல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் வேதம் பல இடங்களில் நேரம் குறித்துப் பேசுகிறது. நாம் அந்த நேரத்தை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கூலிக்காரனுடைய கூலி "விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம் 19:13. பிறனுடைய வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடு என்கிறது யாத்திராகமம் 22:26. ராத்திரி குளிருக்குப் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி கிடையாது என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. கையில் இருக்கும்போது "நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன்" என்று அயலானிடம் சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. கோபத்துக்குக்கூட எபேசியர் 4:26-இல் சூரியன் அஸ்தமிக்கும் வரைதான் தவணை. சாயங்காலத்துக்குள், விடிவதற்குள், இன்றைக்கே என்று கேட்கிற கீழ்ப்படிதலை நாம் "எப்போதும்", "வாழ்நாள் முழுவதும்" என்று பெரிதாக்கிவிடுகிறோம். அப்படிப் பெரிதாக்கிய பிறகு அதை எந்த நாளில் தொடங்குவது என்றே தெரியாமல் போகிறது.

மேலே சொன்ன நீதிமொழிகள் வசனத்தைச் சிறுவயதில் மனப்பாடப் போட்டியில் தப்பில்லாமல் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் சிமெண்டுப் பூச்சு வேலைக்கு ஒரு கொத்தனாரும் அவருக்குத் துணையாக ஓர் அம்மாவும் வந்தார்கள். சாயங்காலம் கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கொடுக்கக் கையில் பணம் போதவில்லை. ஏ.டி.எம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வண்டியை எடுக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு, "நாளைக்கு வாங்கம்மா, தர்றேன்" என்றேன். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் என் வீட்டில் அவருக்கு வேலை இல்லை. அந்தக் காசுக்காக மட்டும் இரண்டு பஸ் மாறி வந்தார். பஸ்ஸுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். முந்தின நாள் ராத்திரி அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த வசனம் எனக்கு வாய்வரைக்கும்தான் வந்திருந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

லேவியராகமம் 19-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளை அந்த அதிகாரத்தின் 18-ஆம் வசனம். இரண்டு பிரதான கட்டளைகளில் ஒன்றாக இயேசு எடுத்துச் சொன்னது இதைத்தான். ஆனால் அது அங்கே தனியாக மலையுச்சியில் நிற்கவில்லை. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலியைப் பிடித்து வைக்காதே, செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாதே, அப்புறம் பிறனில் அன்புகூரு, கடைசியில் தராசும் படியும் சரியாக இருக்கட்டும். எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. கூலி பற்றிய வசனத்துக்கும் அன்பு பற்றிய வசனத்துக்கும் நடுவில் நான்கே வசனங்கள்தான். நாம் 18-ஐ மட்டும் எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம்.

மத்தேயு 20-இல் வருகிற திராட்சத்தோட்டக்காரர் உவமையையும் நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி. கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். இது நியாயமா என்று ஞாயிறு பள்ளியிலிருந்து நாம் விவாதித்து வருகிறோம். அந்த எஜமான் கூலியைச் "சாயங்காலத்தில்" கொடுத்தார் என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. அவர் உபாகமத்தைக் கைக்கொண்ட மனுஷன். தாராள குணம் அதற்கு மேல் வந்தது. இன்னொன்றும் இதோடு சேர்கிறது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன், அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு பணம். இந்தக் கணக்குப்படி அது இரண்டு நாள் கூலி. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவன் எவ்வளவு எடுத்துக் கொடுத்தான் என்பது உங்கள் பையன்களின் தினக்கூலியை வைத்துப் பார்த்தால் உடனே புரியும்.

"பார்ட்டி தராமல் நான் எங்கே போவேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பார்ட்டியிடம் பேரம் பேசியது நீங்கள். வேலை பிடிக்கவில்லை என்று பார்ட்டி பணத்தை இழுத்தால் அந்த நஷ்டம் முதலாளியின் நஷ்டம். லாபத்தில் பங்கு தராதபோது பாக்கியில் மட்டும் பையன்களுக்குப் பங்கு கொடுக்கிறோம், அது சரியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தச்சர் செய்வதைச் சொல்கிறேன். அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே அந்த வேலைக்கு எத்தனை ஆள் நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, கூலியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். பொருள் வாங்குவது மிச்சத்தில்தான். அட்வான்ஸ் போதாத வேலையை எடுக்க மாட்டார், இல்லையென்றால் கூடுதல் அட்வான்ஸ் கேட்பார். இரும்புக் கடைக்காரர் பதினைந்து நாள் தவணை தருவார். பையன் வீட்டு அரிசிப் பானை தராது. அப்படியும் ஒரு வாரம் முடியாமல் போனால் வியாழக்கிழமையே அவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ஏழு மணிவரை காத்திருக்க வைத்துச் சொல்லாதீர்கள்.

யாக்கோபு 5:4-இல் ஒரு பயங்கரமான படம் இருக்கிறது. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். வேலைக்காரர் பேசாமல் "சரிங்கய்யா" என்று போய்விடலாம். காசு சும்மா இருக்காது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் விழுகிறது.

இப்போது ஆலயத்துக் கேட். அதைச் செய்து கொடுத்தது நல்ல காரியம், அதைக் குறைவாகப் பேச எனக்கு மனதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கேட்டுக்காகப் பையன்கள் உழைத்த நாட்களின் கூலி அந்தந்த வாரமே போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் அது முழுக்க உங்கள் காணிக்கை. சேரவில்லையென்றால் அதில் பாதி அவர்கள் காணிக்கை, அவர்களைக் கேட்காமல் எடுத்தது.

கத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எபேசியர் 6:9 எஜமான்களுக்கென்றே எழுதியது. "கடுமொழியை விட்டுவிடுங்கள்" என்று முடிகிறது. பவுல் இதை எழுதிய காலத்தில் வேலைக்காரர் என்றால் பெரும்பாலும் அடிமைகள், அடித்தால்கூடக் கேட்க ஆளில்லை. அவர்களிடமே கடுமொழி கூடாது என்றால் நம்மிடம் சம்பளத்துக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பு, கூலி சரியான நேரத்துக்குப் போகத் தொடங்கினால் உங்கள் கத்தலில் பாதி தானாகக் குறையும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவனுக்குத்தான் எதிராளியின் முகம் பார்க்கக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் கோபமாக வெளியே வரும். ஏ.டி.எம். போகாத மறுநாள் நானும் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசியாக உங்கள் அண்ணன். மத்தேயு 5:23-24 உங்களுக்குத் தெரியும், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற வசனம். அதில் இரண்டு விஷயம். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றுதான் இருக்கிறது. உனக்கு அவன்மேல் உள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. மதில் சுவர் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் இந்த வசனம் அவர் மனதில் என்ன குறை இருக்கிறது என்று போய்க் கேட்கச் சொல்கிறது. இரண்டாவது, இதை இயேசு கலிலேயாவில் சொன்னார். பலிபீடம் இருந்தது எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கு மேல், பல நாள் நடை. அவ்வளவு தூரம் ஆட்டைக் கொண்டுபோன ஒருவனிடம், அதை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போய் ஒப்புரவாகி, மறுபடி நடந்து வா என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர்களுக்கு மூச்சு முட்டியிருக்கும். உங்களுக்கு ஒரு சுவர் தூரம்.

ஒப்புரவு என்பது எனக்குப் பிடித்த சொல். திருக்குறளில் அந்தப் பெயரிலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது, 22-ஆவது. அங்கே ஊரோடு பகிர்ந்து வாழ்வதற்கு அந்தப் பெயர். நம் வேதாகமம் அதே சொல்லைப் பகை தீர்ந்து சேர்வதற்கு எடுத்துக்கொண்டது. இரண்டு அர்த்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். போகும்போது சர்வே நம்பரைப் பற்றிப் பேச வேண்டாம். சுவர் எத்தனை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அளந்து சொல்ல சர்வேயர் இருக்கிறார், அது பிறகு. "அண்ணே, என்மேல உனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். கதவைத் திறக்காமலும் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-இல் பவுல் ஓர் எல்லை வைத்திருக்கிறார். அந்த எல்லைக்கு நாம் இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் சொல்கிறேன். நாலு வருடமாகப் போகவேயில்லை.

தியானப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் எதுவும் வேண்டாம். மூன்று அதிகார வாசிப்பையும் அப்படியே தொடருங்கள், அதில் குறையில்லை. பட்டறையில் கூலி எழுதுகிற நோட்டு இருக்குமல்லவா? அதைக் காலையில் வேதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் நோட்டைத் திறந்து மூன்று பெயரையும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் சத்தமாக வாசியுங்கள். அதற்குப் பிறகு ஜெபியுங்கள். இந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கே கொடுத்துவிட முடியுமா என்று பாருங்கள், அப்போதுதான் அவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குப் போக நேரம் இருக்கும். எப்படிப் போனது என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் மனைவியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். உங்களிடம் நேரே சொன்னார்களே, அதற்காக அவர்களுக்கு என் நன்றி.

அன்புடன்,
உங்கள் அண்ணன்