‘டான்சர் இன் தி டார்க்’ மகத்தான படமா, அழவைக்கும் தந்திரமா?

மகனுக்காக உயிரையே கொடுக்கும் தாயின் கதையைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் பார்க்கிறவர்களை வதைக்கிற படம் என்று திட்டுகிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலேயே இதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. (முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இந்தச் சண்டை பழையது. 2000ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் காட்டியபோதே கைதட்டலும் எதிர்ப்புக் கூச்சலும் சேர்ந்து எழுந்தன. கடைசியில் படத்துக்கு விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை, நாயகியாக நடித்த ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்குக்குச் சிறந்த நடிகை விருது. இயக்குநர் லார்ஸ் வான் ட்ரையருக்கு நல்ல மனசுக்காரப் பெண்களைப் போட்டு வாட்டுவது வழக்கம்தான்.

1964, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த செல்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பரம்பரை நோயால் அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. மகன் ஜீனுக்கும் அது வரும். அவனுடைய கண் ஆப்பரேஷனுக்குச் சேர்த்த காசை, வீட்டுச் சொந்தக்காரனான பொலிஸ்காரன் பில் திருடுகிறான். திருப்பி எடுக்கப் போன இடத்தில், அவனே கெஞ்சிக் கேட்க, அவனைக் கொன்றுவிடுகிறாள். தூக்குத் தண்டனை.

போன வருஷம் மட்டக்களப்பில் வீட்டில் வைத்துத் தம்பியின் லப்டொப்பில் பார்த்தோம். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வசனத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. அம்மா ஆறு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். அந்த ஆறு வருஷமும் எங்களை வளர்த்தவர் பெரியம்மா. இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

நீதிமன்றக் காட்சியில் பெரியம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தனக்குக் காசுக் கஷ்டம் என்பதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பில் முன்பே அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். உயிர் போகிற இடத்திலும் அவள் அதைக் காப்பாற்றுகிறாள். “ஏங்கா இவள் வாயத் திறக்காம நிக்காள்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார், நான்தான் படம் எடுத்ததுபோல. வைகாசி வந்தால் கண்ணகை அம்மன் கோயிலில் வழக்குரை கேட்டு வளர்ந்த மனுஷி அவர். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று எங்கள் பக்கத்துக் கோயில்களில் உடுக்குச் சத்தத்தோடு கேட்பது, பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்து வழக்குச் சொன்ன ஒருத்தியின் கதை. அவளைத் தாய் என்று கும்பிடுகிறவருக்கு, பேசாமல் தூக்குமேடை ஏறுகிறவளை எப்படிப் பிடிக்கும்?

தம்பிக்கு வேறு கோபம். வழக்கைத் திரும்ப எடுக்க ஒரு லோயர் கிடைக்கிறார். அவருக்குப் போகப்போவது ஆப்பரேஷன் காசு என்று தெரிந்ததும் செல்மா வேண்டாம் என்கிறாள். பிள்ளைக்குத் தாய் வேண்டாமா என்று தோழி கேத்தி கேட்டால், அவனுக்கு வேண்டியது கண் என்கிறாள். “பொடியனிட்ட ஒருத்தரும் கேக்கல்லயே” என்றான் தம்பி. அம்மா குவைத்துக்குப் போனபோது அவனுக்கு நாலு வயது. அவர் அனுப்பிய காசில் வாங்கிய லுமாலா சைக்கிள் இன்னும் கொட்டிலில் நிற்கிறது.

அம்மா அழவில்லை. நான் அழுதேன், ஆனால் தூக்கு மேடையில் இல்லை. நோய் வரும் என்று தெரிந்தும் ஏன் பிள்ளை பெற்றாய் என்று செல்மாவிடம் கேட்கும்போது, ஒரு குழந்தையைக் கையில் வைத்திருக்க ஆசையாக இருந்தது என்கிறாளே, அங்கே.

சரி, என் தீர்ப்பு. திட்டுகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. செல்மா தப்பக்கூடிய ஒவ்வொரு கதவையும் இயக்குநரே பூட்டிக்கொண்டு போகிறார், அந்தச் சாவிச் சத்தம் நமக்குக் கேட்கிறது. கமரா வேறு ஆடிக்கொண்டே இருக்கும், பெரியம்மா தலைசுற்றித் தேசிக்காய்த் தண்ணி குடித்தார். ஆனால் தொழிற்சாலை மெஷின் சத்தமே தாளமாகி அவள் பாடத் தொடங்கும் இடத்துக்காக மட்டும் நான் இன்னொரு தரம் பார்ப்பேன். அவளை ஏமாளி என்கிறார்கள். எனக்கு அவள் பெரிய பிடிவாதக்காரியாகத்தான் தெரிந்தாள்.

படம் முடிந்து லைட்டைப் போட்டதும் பெரியம்மா கேட்டார்: “மறுகா அந்தப் பொடியன ஆரு வளர்த்த?”

படத்தில் அது இல்லை என்றேன்.

“அதத்தானே காட்டியிருக்க வேணும்.”