ராங்கியா மட்டி: வடாற்காட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (குடியாத்தம்): ராங்கியா என்பது நம் ஏரிச் சேற்றில் கிடைக்கும் மட்டிதானா?

பதில்: இல்லை. இது மெக்சிகோ வளைகுடாக் கழிமுகங்களின் உவர்நீர்ச் சேற்றில் புதைந்து வாழும் இனம். ஓட்டின் மேற்புறம் பழுப்பாகவும் உட்புறம் பளபளக்கும் வெள்ளையாகவும் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஓடுகூடக் கூழாங்கல்லைப் போலக் கனக்கும். நம் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சூளைக்குப் போகிறது. லூசியானாவிலோ இந்த ஓட்டை வாரிச் சாலைக்குச் சரளையாகக் கொட்டினார்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஐரோப்பாவுக்கு எப்படிப் போனது?

பதில்: பெரும்பாலும் கப்பலில். சரக்கில்லாத கப்பல் ஆடாமலிருக்க அடித்தொட்டிகளில் ஏற்றும் நீரோடு கண்ணுக்குத் தெரியாத இளம் உயிரிகளும் ஏறி, அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுகின்றன. 2005இல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், ஆலை ஒன்றின் குளிர்நீர்க் குழாய்களில் இது தென்பட்டது. 2010இல் பால்டிக் கரையின் விஸ்துலா காயலிலும் காணப்பட்டது.

கேள்வி (காவேரிப்பாக்கம்): எங்கள் ஏரியில் விட்டால் பெருகுமா?

பதில்: வளர்ந்த மட்டி நன்னீரில் பிழைத்திருக்கும், ஆனால் பெருகாது. அதன் கரு வளர நீரில் ஆயிரத்துக்கு 2 முதல் 10 பங்கு உப்பு வேண்டும் (கடல்நீரில் ஏறத்தாழ 35). அந்த உப்பு திடீரென ஏறுவதோ இறங்குவதோதான் அதை முட்டையிடத் தூண்டுகிறது. எனினும் உங்கள் ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது, அந்த ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் முடிகிறது என்பதை மறக்க வேண்டாம். மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் அமெரிக்கச் சிப்பியினம் அங்கே ஏற்கெனவே பாய் விரித்தாற்போல் அடிச்சேற்றை மூடி, இறால் பதுங்க இடமில்லாமல் செய்துவிட்டது.

கேள்வி (ஆம்பூர்): தோல் ஆலைக் கழிவால் எங்கள் கிணறுகள் உப்பாகிவிட்டன. அங்கே வளருமா?

பதில்: நல்ல கேள்வி, பாலாற்றங்கரையில் இருப்பவருக்குத்தான் இது தோன்றும். உப்பு மட்டும் போதாது. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பே உங்கள் நீரில் மிகுதி. கடல்நீரிலோ மக்னீசியமும் கால்சியமும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கும். அதைவிட முக்கியமாக, இம்மட்டி நீரை உறிஞ்சி அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டித் தின்கிறது. வெயில் எட்டாத ஆழ்கிணற்றில் அந்தப் பாசி வளராது.